165 செ.மீ. உயரத்துக்கு எக்ஸ்பல்ஸா, ஹிமாலயனா?

வாரநாளில் அலுவலகம், விடுமுறையில் மலையடிவார மண்பாதை. உயரம் 165 செ.மீ. மண்பாதைக்கும் ஏற்ற பைக்குகளில் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி வாங்குவதா, ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411 வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் எக்ஸ்பல்ஸ். இருக்கை உயரம் ஹிமாலயனில் 800 மி.மீ., எக்ஸ்பல்ஸில் 825. அந்த ஓர் அங்குலத்துக்காக ஹிமாலயன் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அதன் எடை 199 கிலோ. எக்ஸ்பல்ஸ் ஏறக்குறைய 40 கிலோ குறைவு. சரளைச் சரிவில் ஒற்றைக் காலை ஊன்றித் தாங்கும்போதும், சேற்றில் சாய்ந்த வண்டியைத் தனியாக நிமிர்த்தும்போதும் அந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். இரண்டு குதிகாலும் தரையில் பதிய வேண்டியதில்லை. ஒரு பாதத்தின் முன்பகுதி உறுதியாக ஊன்றினால் போதும். எக்ஸ்பல்ஸின் 'ப்ரோ' வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதன் இருக்கை 891 மி.மீ.

இழுவையில் ஹிமாலயனே மேல். அதன் 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கிறது. பின்னால் ஆளும் மூட்டையுமாக மலையேறும்போது அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம். எக்ஸ்பல்ஸில் அது 17 சொச்சம்தான், அதையும் எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டே பெற வேண்டும். நான்குவழிச் சாலையில் நாள் முழுக்க 90 கி.மீ. வேகத்தில் போவதுதான் உங்கள் வழக்கம் என்றால் ஹிமாலயனை எடுங்கள்.