என் மகள் கேமராவுக்கு முகம் காட்ட மாட்டேன் என்கிறாள்

அன்புள்ள ஆலோசகர் அக்காவுக்கு, வணக்கம்.

எனக்கு 41 வயது. சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறோம். கணவர், மாமியார் (எனக்கு அத்தை, பிள்ளைகளுக்கு அப்பாயி), உயர்நிலை 1 படிக்கும் மகள், தொடக்கநிலை 3 படிக்கும் மகன்.

2020 ஏப்ரலில், கொரோனாவுக்காக சர்க்கியூட் பிரேக்கர் என்று எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருந்தோமே, அப்போது ஆரம்பித்தது இது. மன்னார்குடியில் இருக்கும் என் நாத்தனார் அம்மாவைப் பார்க்க வர முடியவில்லையே என்று போனில் அழுதார். அவருக்காக, அத்தை முறுக்கு பிழிவதை என் கணவர் போனில் எடுத்து, வெட்டி ஒட்டி, ஆறு நிமிட வீடியோவாக அனுப்பினார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு பேர். பதினான்கு பேரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அதற்கு அப்புறம் வாரம் ஒன்று.

மகளுக்கு அப்போது ஏழு வயது. அப்பா எடிட் பண்ண உட்கார்ந்தால் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வாள். குக்கர் விசில் சத்தம் முதலில் வரட்டும், படம் அப்புறம் வரட்டும் என்று ஒருநாள் அவள்தான் சொன்னாள். இருட்டுத் திரையில் விசில் கேட்கும், பிறகு அடுப்படி தெரியும். அவர் பூரித்துப் போய் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்திருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு யூடியூபில் போடத் தொடங்கினோம். தேக்காவில் பொங்கலுக்குக் கரும்பு வாங்குவது, தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை விளக்குகள், அத்தையின் சமையல். பார்ப்பவர்கள் கூடக் கூட, ஹாலில் போனை மாட்டும் முக்காலி நிரந்தரமாக நின்றுவிட்டது. போன வருடம் அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் வெளிச்சம் சரியில்லை என்று அவரை மூன்று முறை லிஃப்ட் வரைக்கும் போய் மறுபடி வரச் சொன்னோம். மூன்றாவது முறை, "இன்னும் ஒரு தடவை வரணுமாப்பா?" என்று கேட்டார். ஆரத்தித் தட்டு என் கையில்தான் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். போன நவம்பரில் மகளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்தது. 14 வரும் என்று நினைத்திருந்தாள், 20 வந்தது. (இங்கே எண் குறைந்தால்தான் நல்லது.) வீட்டுக்கு வந்ததும் அப்பாயி மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். முக்காலியில் போன் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் அதில் மெல்லிய இசை சேர்த்து, 'மதிப்பெண் முக்கியமில்லை' என்று எழுதிப் போட்டார். நல்ல எண்ணத்தில்தான் போட்டார். போடுவதற்கு முன் எனக்குக் காட்டினார். நான் பார்த்து அழுதேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

ஜனவரியில் புதுப் பள்ளி. முதல் வாரமே கேன்டீனில் ஒரு பெண் அதைப் போனில் போட்டு மேசை முழுக்கக் காட்டியிருக்கிறாள். இரண்டு மாதம் இவள் எங்களிடம் வாயே திறக்கவில்லை. போனைத் தூக்கினால் முடியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். மார்ச்சில்தான் சொன்னாள்: "அந்த வீடியோவுல இருக்கிற பொண்ணத்தான்மா அவங்களுக்குத் தெரியும். என்னை யாருக்கும் தெரியாது."

கணவர் உடைந்து போயிருக்கிறார். "எத்தனை பேர் ஆறுதல் எழுதியிருக்காங்க, அதைப் பாக்கச் சொல்லு" என்கிறார். மகனோ, அப்பாயிக்கு முத்தம் கொடுக்கும் முன் "இப்ப ஓடுதாப்பா?" என்று கேட்கிறான். ஜூன் விடுமுறையில் மன்னார்குடி போகிறோம். முழுப் பயணத்தையும் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் அவருக்கும் மகளுக்கும் இடையில் மிச்சமிருக்கும் ஒன்றும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு தாய், செங்காங்

*

அன்புள்ள சகோதரி,

அத்தையை மூன்று முறை லிஃப்ட் வரை அனுப்பினீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். அதை நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள். ஆரத்தித் தட்டு உங்கள் கையில் இருந்ததையும் எழுதினீர்கள். என்ன நடந்தது என்று உங்களுக்குள் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. முதல் முறை அவர் வந்தது வீட்டுக்கு. இரண்டாவது, மூன்றாவது முறை வந்தது வீடியோவுக்கு. பதினான்கு பேர் பார்த்த காலத்தில் இது நடந்திருக்காது. வெளிச்சம் மங்கலாக இருந்தால் நாத்தனார் கோபித்துக்கொள்ளப் போகிறாரா என்ன? அம்மா முகம் தெரிந்தால் போதும் அவருக்கு.

இப்போது மகள். பதின்ம வயதுப் பிள்ளைகள் எல்லோரும் தங்களையே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைப்பார்கள். முகத்தில் ஒரு பரு வந்தால் வகுப்பே அதைத்தான் பார்க்கிறது என்று தோன்றும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967இல் இதைக் 'கற்பனைப் பார்வையாளர்' என்று குறிப்பிட்டார். மற்றப் பிள்ளைகளிடம், "யாரும் உன்னைப் பார்க்கவில்லை, விடு" என்று பெற்றோர் சொல்லலாம். உங்கள் மகளிடம் உங்களால் அப்படிச் சொல்ல முடியாது. அவளுக்குப் பார்வையாளர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

உயர்நிலைப் பள்ளிக்குப் போவது நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். புதுச் சீருடை, புது முகங்கள். 20 வாங்கி அழுத பிள்ளை என்பது அங்கே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அவளாக ஒரு தோழியிடம் பின்னால் சொல்லியிருப்பாள், சொல்லாமலும் இருந்திருப்பாள். அவள் போய்ச் சேரும் முன்பே அந்த அழுகை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவளுக்கு வலிப்பது மதிப்பெண் இல்லை. தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் வாய்ப்பு போய்விட்டது, அதுதான். "என்னை யாருக்கும் தெரியாது" என்ற அவள் சொல்லுக்கு எனக்கு இப்படித்தான் பொருள் படுகிறது.

அதனால், ஜூன் பயணம் பற்றிப் பேசும் முன், நிறுத்துவதா தொடர்வதா என்று யோசிக்கும் முன், அந்த வீடியோ போக வேண்டும். இன்றைக்கே. நிபந்தனை எதுவும் வேண்டாம். 'எடுத்துவிடுகிறேன், ஆனால் இனி முகம் சுளிக்கக் கூடாது' என்று பேரம் பேசாதீர்கள். அன்லிஸ்டட் என்று மாற்றி வைப்பதும் போதாது, லிங்க் வைத்திருக்கும் எவரும் அதைத் திறக்கலாம். அழித்தே விடுங்கள். முடிந்தால் அப்பா மடிக்கணினியைத் திறந்து வைக்கட்டும், பட்டனை அவள் அழுத்தட்டும். கணினியில் இருக்கும் மூலப் பதிவை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதையும் அவளிடமே கேளுங்கள். யாராவது ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தால் அது நம் கையில் இல்லை, அதை அவளிடம் மறைக்க வேண்டாம். அவளுக்கு அது தெரியும். நீங்கள் பூசி மெழுகினால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

உங்கள் கணவரைப் பற்றி நான் கடுமையாக எதுவும் நினைக்கவில்லை. வீடியோவை வெட்டி ஒட்டித்தான் அவருக்கு அன்பு காட்டத் தெரிகிறது. அம்மா முறுக்கு பிழிந்ததை அக்கறையாக ஆறு நிமிடமாக்கித் தங்கைக்கு அனுப்பியவர் அவர். ஆனால் இடையில் ஒன்று மாறியிருக்கிறது, அதை அவர் கவனித்திருக்க மாட்டார். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஓர் ஆய்வு செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகள். ஒரு குழுவிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாகப் பேனாவை எடுப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. சும்மா வரைந்த பிள்ளைகளுக்கு ஆசை அப்படியே இருந்தது. எண்ணிக்கையும் லைக்கும் அந்தச் சான்றிதழ் மாதிரிதான். சனிக்கிழமை இரவு மேசையில் பேச்சு எதைப் பற்றி இருந்தது, இப்போது எதைப் பற்றி இருக்கிறது என்று அவரையே யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம், ஒரு காபியோடு.

அந்த ஆறுதல் வார்த்தைகளை அவளைப் படிக்கச் சொல்லாதீர்கள். அவள் ஆறுதல் தேடிப் போனது அப்பாயி மடிக்கு, அது அங்கே கிடைத்தும்விட்டது.

அவர் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியது சின்னதுதான். "உன்கிட்ட கேக்காம போட்டுட்டேன்மா. தப்பு." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 'நல்லதுக்குத்தான் போட்டேன்' என்று ஒரு வாக்கியம் சேர்ந்தாலும் அவள் அதைத்தான் கேட்பாள். அப்புறம் நீங்களும் தனியாகச் சொல்ல வேண்டும், சகோதரி. போடும் முன் பார்த்தவர் நீங்கள். அப்பா எடுத்தார் என்பது அவளுக்குக் கோபம். அம்மாவும் தடுக்கவில்லை என்பது வேறு மாதிரி வலி. மார்ச்சில் அவள் உங்களிடம்தான் வந்து சொல்லியிருக்கிறாள் என்பதை மறக்காதீர்கள். இன்னும் நம்புகிறாள்.

எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குக்கர் விசில். சத்தம் முதலில், படம் பிறகு என்பது தேர்ந்த எடிட்டர்கள் செய்கிற வேலை. ஏழு வயதில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது. அந்தப் பிள்ளையை மேசையிலிருந்து கிளப்பிக் கேமரா முன்னால் நிறுத்திவிட்டீர்கள். அவள் இப்போது மறுப்பது கேமராவுக்கு முன்னால் நிற்பதைத்தான். மேசைப் பக்கம் உட்கார மாட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை. நீங்கள் பயப்படுகிற அந்த 'மிச்சம்' அங்கேதான் இருக்கிறது.

ஒரு மணி நேரம் எடுத்தால் ஏழெட்டு நிமிடம்தானே போடுகிறீர்கள்? எது போகலாம், எது வீட்டோடு இருக்கட்டும் என்பதை அப்பா ஒருவரே முடிவு செய்து வந்திருக்கிறார். இனிமேல் யார் முகம் இருக்கிறதோ அவர்கள் பார்த்து, சரி என்ற பிறகுதான் வெளியே போக வேண்டும். வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. அத்தைக்கும் இது பொருந்தும். 'பாட்டிக்கு என்ன தெரியும்' என்று விடாமல், கண் சரியாகிவிட்டதல்லவா, பெரிய திரையில் போட்டுக் காட்டுங்கள். பிள்ளைகளின் கருத்தைக் கேட்க வேண்டும், அவர்களின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமை ஒப்பந்தத்தில் 12ஆவது, 16ஆவது பிரிவுகள் சொல்கின்றன. சிங்கப்பூர் 1995இலேயே அதில் இணைந்துவிட்டது. சட்டத்தைக் காட்டிக் கணவரிடம் வாதாடச் சொல்லவில்லை. அவள் கேட்பது அடம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மகன் விஷயத்தில் நீங்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒன்பது வயதில் அவன் எதற்கும் சரி என்றுதான் சொல்வான், பதின்மூன்றில் என்ன சொல்வான் என்று அவனுக்கே தெரியாது. பள்ளிச் சீருடை, புளோக் எண், தினமும் ஏறும் பேருந்து நிறுத்தம் இவை தெரியும் பழைய வீடியோக்களை எடுத்துவிடுங்கள். அப்புறம் அந்த "இப்ப ஓடுதாப்பா?" பற்றி. திட்டாதீர்கள், அவன் கற்றது நம்மிடமிருந்து. முக்காலியை மடித்து அலமாரியில் வையுங்கள். எடுக்கிற அன்று மட்டும் வெளியே வரட்டும். ஹாலில் அது இல்லாத சில வாரங்களில் அந்தக் கேள்வி தானாகக் குறையும் என்று நம்புகிறேன்.

பள்ளியில் நடந்ததை அவள் அனுமதி இல்லாமல் போய்ப் புகார் செய்யாதீர்கள், இன்னொரு முறை அவளைக் கேட்காமல் செய்ததாகிவிடும். வகுப்பாசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசலாமா, நீ பேசுகிறாயா, நான் வரட்டுமா என்று கேளுங்கள். கேலி இன்னும் தொடர்கிறதா என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தூக்கம் கெட்டாலோ, சாப்பாடு குறைந்தாலோ, காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்று வலி என்று அடிக்கடி சொன்னாலோ காத்திருக்க வேண்டாம். 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம்.

ஜூனில் மன்னார்குடிக்குக் கேமராவைக் கொண்டுபோவதா என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். நான் எடுக்கிறேன் என்று சொன்னால் அவள் கையில் கொடுங்கள், அவள் முகம் அதில் வராமலே போகட்டும். எடுத்ததைத் திரும்பி வந்து அப்பாவும் அவளும் உட்கார்ந்து வெட்டட்டும், பழையபடி அந்தப் பதினான்கு பேருக்கு மட்டும் அனுப்புங்கள். வேண்டாம் என்று சொன்னால் கேமரா செங்காங்கிலேயே இருக்கட்டும். எப்படியானாலும், திருச்சியில் இறங்கி மன்னார்குடி போய்ச் சேர்ந்து நாத்தனார் கதவைத் திறக்கும்போது, அத்தையை முதல் முறையே உள்ளே போக விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்