வக்கீலம்மா பதில்கள்: பூட்டு நம் கையில், கத்தரி யார் கையில்?

கேள்வி: வீட்டு டி.வி.யில் ஓ.டி.டி. போட்டதிலிருந்து நிம்மதி போய்விட்டது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. எட்டாம் வகுப்புப் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறான். தியேட்டர் படத்துக்கு சென்சார் இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் இல்லை?
- ஒரு அம்மா, தேனி

பதில்: தியேட்டர் படத்தை வெளியாவதற்கு முன்பே சென்சார் போர்டு பார்த்துவிடுகிறது. அதற்கு 1952-ம் வருடச் சட்டம் இருக்கிறது. ஓ.டி.டி.க்கு அப்படி முன்கூட்டிப் பார்க்க யாரும் கிடையாது. 2020 நவம்பரில்தான் அதை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழேயே கொண்டுவந்தார்கள். 2021 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, படம் போடுகிற நிறுவனமே வயது குறிக்க வேண்டும்: யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ. 13+ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி கொடுத்தே ஆக வேண்டும்.

அந்தப் பூட்டைத்தான் நம் வீடுகளில் போடாமல் விட்டுவிடுகிறோம். போன தீபாவளிக்கு என் தங்கை வீட்டில் நானே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன். பையனுக்குத் தனி புரொஃபைல், பெரியவர்கள் புரொஃபைலுக்கு நாலு எண் பின். தங்கை தன் ஸ்கூட்டர் நம்பரையே பின்னாக வைத்தாள். மறுநாளே பையன் திறந்துவிட்டான். அவனுக்குத் தெரியாத எண்ணாக மாற்றிய பிறகுதான் அடங்கியது. பையனுக்குத் தனி புரொஃபைல் போட்டுவிட்டு நம்முடையதைத் திறந்தே வைத்தால் பயனில்லை, அதை மறந்துவிடாதீர்கள்.

போட்டிருக்கிற வயதுக் குறியே தப்பு என்று பட்டால், எந்த எபிசோட், எத்தனையாவது நிமிடம் என்று குறித்து அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 15 நாளில் பதில் தர வேண்டும் என்கிறது விதி. அதற்கு மேலே நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருக்கிற அமைப்பு, அதற்கும் மேலே அமைச்சகம். இந்த மூன்றடுக்கை எதிர்த்து வழக்குகள் உண்டு. இதன் அடிப்படையான விதியின் ஒரு பகுதிக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தடை போட்டது. பாடகர் டி.எம். கிருஷ்ணா போட்ட வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றமும் அடுத்த மாதமே அதை ஒட்டிப் பேசியது. அதனால் மேல் அடுக்கை நம்பிக் காத்திருக்காமல், முதல் அடுக்கிலேயே விடாப்பிடியாக எழுதுங்கள்.

தியேட்டர் கத்தரி வீட்டுக்குள்ளும் வர வேண்டும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். ‘அன்னபூரணி’ படம் சென்சார் முடித்து 2023 டிசம்பரில் தியேட்டருக்கு வந்த படம். எதிர்ப்புக் கிளம்பியதும் 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். சான்றிதழ் இருந்தும் அது நிற்கவில்லை. வயது வந்தவர்கள் எதைப் பார்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பிள்ளைகளுக்கு நாம் பூட்டுப் போடுவோம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளின் படத்தை மார்பிங் செய்து இன்ஸ்டாகிராமில் யாரோ போட்டிருக்கிறார்கள். போலீசுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவள் அப்பா பயப்படுகிறார். அவள் தன் கணக்கை அழித்துவிட்டால் போதுமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: அழிக்க வேண்டாம், அம்மா. எதையுமே இப்போது அழிக்க வேண்டாம்.

நான்கு வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பெண் வந்தாள். இதே கதைதான். முதலில் போன இடத்தில், “கணக்கை டெலிட் பண்ணிட்டு நிம்மதியா இரும்மா” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வெட்கத்தில் அவளும் ஸ்கிரீன்ஷாட்டுகள், மெசேஜ்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். படம் மட்டும் வேறு மூன்று கணக்குகளில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளைப் பிடிக்க எங்கள் கையில் ஒன்றுமே இல்லை. அன்று அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் முதல் வேலை, சாட்சியைச் சேர்ப்பது. ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காதீர்கள். அந்தப் பதிவின் லிங்க், போட்டவர் கணக்கின் லிங்க் இரண்டையும் காப்பி செய்து, தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். காட்டுகிற பெயரை அவன் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வான். படம் எந்த போனில் வந்ததோ அந்த போனை ரீசெட் செய்யாதீர்கள். பின்னால் நீதிமன்றத்தில் டிஜிட்டல் சாட்சிக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அப்போது அந்த போன் வேண்டும்.

இரண்டாவது வேலையை அன்றைக்கே செய்துவிட வேண்டும். அந்தரங்கப் படம், மார்பிங் செய்த படம் பற்றி சமூக ஊடக நிறுவனத்திடம் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 விதிகளிலேயே எழுதியிருந்தது. 2026 பிப்ரவரியில் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். புகாரை உங்கள் மகள்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. அவள் சார்பில் நீங்கள் கொடுக்கலாம். அந்தப் பிள்ளையை மறுபடி மறுபடி அந்தப் படத்தைப் பார்க்க வைக்காமல் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். செயலியில் இருக்கிற ‘ரிப்போர்ட்’ பட்டனை அழுத்தினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவுக்கான குறைதீர்ப்பு அதிகாரிக்கும் தனியாக எழுதி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுக்க மாட்டோம் என்றால், மத்திய அரசு 2023-ல் அமைத்த மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே போகலாம்.

ஸ்டாப்என்சிஐஐ என்று ஓர் இலவசத் தளமும் இருக்கிறது. 18 வயது முடிந்தவர்களுக்கானது. படத்துக்கு ஒரு கைரேகை மாதிரியான குறியீட்டை உங்கள் போனிலேயே உருவாக்கி, குறியீட்டை மட்டும் நிறுவனங்களுக்கு அனுப்பும். படம் போனை விட்டு வெளியே போகாது. அதே படத்தை இன்னொருவர் ஏற்றப் பார்த்தால் அதில் சேர்ந்திருக்கிற தளங்கள் அடையாளம் கண்டுகொள்ளும்.

போலீஸ் விஷயம். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்களுக்கு எதிரான இந்த மாதிரிக் குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஆனால் ஆளைப் பிடிக்க வேண்டுமானால் பெயரோடு, மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுப்பதே பலன் தரும். உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்க வீடியோ விஷயமாகச் சென்னை உயர் நீதிமன்றம், 48 மணி நேரத்தில் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கே உத்தரவு போட்டது. சட்டம் தெரிந்த பெண்ணே கேட்டு வாங்க வேண்டியிருந்த ஒன்றை உங்கள் மகள் கேட்பதில் எந்த அவமானமும் இல்லை. தப்புச் செய்தவன் எவனோ, தலை குனிய வேண்டியவன் அவன்.

கேள்வி: ‘தி ஃபேமிலி மேன்’ ஓ.டி.டி. தொடரின் இரண்டாம் பாகத்தைத் தமிழக அரசு எதிர்த்ததே, ஏன் நிறுத்த முடியவில்லை?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஓ.டி.டி. மத்திய அரசின் கையில் இருப்பதால். ஈழத் தமிழரைத் தவறாகக் காட்டுகிறது என்று 2021 மே மாதம் அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 4 அன்று தொடர் வந்துவிட்டது. கடிதம் எழுதியது சரி. பார்த்துவிட்டுக் கண்டிக்கிற உரிமையும் நமக்கு இருக்கிறது, பலரும் அதைச் செய்தார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஊரணி ஆக்கிரமிப்பைப் பற்றி யூடியூபில் வீடியோ போட்டேன். “அரசின் சட்டக் கோரிக்கையின் பேரில் இந்தியாவில் முடக்கப்பட்டது” என்று ஒரு மெயில் வந்தது. யார் புகார் சொன்னார்கள், என்ன தப்பு என்று ஒரு வரி இல்லை. நான் என்ன செய்வது?
- ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: தம்பி, திண்டுக்கல் அம்மாவுக்கு ‘உடனே எடுக்கச் சொல்லுங்கள்’ என்று எழுதிய அதே கையால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். அங்கே ஒரு பெண்ணின் மானம் சம்பந்தப்பட்டது, அவளே கேட்கிறாள். இங்கே கேட்டவர் யாரென்றே தெரியவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் மத்திய அரசு ஒரு பதிவை முடக்கலாம். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது அமைதி என்று காரணங்கள் எண்ணி வைத்தவை. ஊரணி ஆக்கிரமிப்பு அவற்றில் எதிலும் வராது. 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு முக்கியக் காரணம், முடக்கும் உத்தரவில் காரணத்தை எழுத வேண்டும், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்பது. ஆனால் 2009-ம் வருட முடக்க விதிகளில் 16-வது விதி, எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணம் எழுதியிருக்கும், ஆனால் கண்ணில் காட்ட மாட்டார்கள். இது மாற வேண்டும். முடக்கப்பட்டவர் கையில் உத்தரவின் நகல் கிடைத்தே ஆக வேண்டும்.

அதே சட்டத்தின் 79-வது பிரிவை வைத்து இன்னொரு வழியும் உண்டு. அதில் பல துறை அதிகாரிகள் ‘சகயோக்’ என்கிற இணையதளம் மூலம், பதிவை எடுக்கச் சொல்லி நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம். எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துப் போன வழக்கை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இணையத்தில் எழுதியதற்கே கைது செய்ய வழிவிட்ட, அதே சட்டத்தின் பழைய 66ஏ பிரிவின் காலம் நினைவில் இருப்பதால் சொல்கிறேன். 2012-ல் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் செய்பவர், அப்போதைய மத்திய நிதி அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காகக் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர் என்று அப்போது செய்தி வந்தது. அந்தப் பிரிவைத்தான் அதே ஷ்ரேயா சிங்கால் வழக்கில் செல்லாது என்றார்கள்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். அந்த மெயிலுக்கே பதில் போட்டு, எந்தத் துறை, எந்தப் பிரிவு என்று கேளுங்கள். நிறுவனம் தானாக எடுத்திருந்தால் மேல்முறையீட்டுக் குழு போதும். அரசு சொல்லி எடுத்திருந்தால் அங்கே போய்ப் பயனில்லை, உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையில், அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் ரிட் போட வேண்டும். ஊரணியின் சர்வே எண், வருவாய்த் துறை ஆவணம், எடிட் செய்யாத அசல் வீடியோ எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பத்திரமாக வையுங்கள். மெயிலின் நகலைத் தேதி தெரிகிற மாதிரி இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள், உங்கள் போன் நம்பரோடு. படித்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்.