ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்; அதுவரை?

கேள்வி: எனக்கு வயது 46. கோவில்பட்டி பக்கம் ஒரு ஊர். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இடது மார்பில் இருந்த கட்டியைச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. சென்னையில் ஆபரேஷன், இன்னும் 18 நாள் இருக்கிறது. தேதி ஆடியில் வருவதால் ஆவணிக்குத் தள்ளச் சொல்கிறார் மாமியார். என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். பார்க்க வருகிறவர்கள் அழுகிறார்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒருவர் பொடியே கொடுத்துவிட்டுப் போனார். கணவர் தையல் மிஷின் பக்கம் போகவே விடுவதில்லை. பிளஸ் டூ படிக்கும் மகளிடம் கொழுப்புக் கட்டி என்று சொல்லி வைத்திருக்கிறோம். பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால்தான் தாங்க முடியவில்லை. இந்த நாட்களை எப்படிக் கடத்துவது? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நாள் குறைவாக இருப்பதால் முக்கியமானதை முன்பே உங்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். இதே போலக் காத்திருக்கும் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆடி. தள்ள வேண்டாம். கையில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கட்டி வளரப் பெரும்பாலும் வருடக்கணக்கில் ஆகியிருக்கும். அதனால்தான் டாக்டர் பதறாமல் இந்த அவகாசத்தைத் தந்திருக்கிறார். பதினெட்டு நாளில் எல்லாம் கைமீறிவிடும் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் அவர் கணக்குப் பார்த்துக் கொடுத்த நாளுக்கு மேல் நாமாக ஒரு மாதத்தைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். ஆடி அம்மனுக்கு உகந்த மாதம்தானே, வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கச் சொல்லுங்கள். அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். டம்ளர் விஷயத்தை மட்டும் விடாதீர்கள். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி கிடையாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், மகளைக் கட்டிக்கொண்டு தூங்கலாம். இதையும் உங்கள் கணவரே சொல்லிவிட்டு, அந்த டம்ளரில் அவர் ஒரு வாய் காபி குடிக்கட்டும்.

மிஷின் விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. டாக்டர் தடுக்காதவரை தையுங்கள். கையில் வேலை இருக்கும்போது மனசு கொஞ்சம் அடங்கும் என்பது தைக்கிறவருக்குத் தெரியாததா? ஆனால் புது உருப்படி எதையும் வாங்காதீர்கள். அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்களானால், இடது கையைத் தூக்கவும் பாரம் எடுக்கவும் சில வாரங்கள் சிரமம் இருக்கும். அவசரமானதை முடித்துக் கொடுத்துவிட்டு, மீதியை அளவு ஜாக்கெட்டோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், உங்களுக்கே தைத்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. ஆபரேஷன் ஆனபின் தலை வழியாக எதையும் போட முடியாது. மெல்லிய பருத்தியில், முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, கை லூசாக மூன்று நைட்டி தையுங்கள். காயத்தில் ஊறும் நீர் வெளியேற ஒரு மெல்லிய டியூபும் அதன் முனையில் சின்ன டப்பாவும் வைத்துப் பலரை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் அது உடம்போடு இருக்கும். என் அக்காவுக்கு இதே ஆபரேஷன் நடந்தபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. டப்பாவை நைட்டியில் சேஃப்டி பின்னால் குத்தி வைத்தோம். அவள் எழும்போதெல்லாம் அது தொங்கி இழுத்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பாட்டியம்மா பழைய பாவாடைத் துணியில் தைத்த சுருக்குப்பைக்குள் டப்பாவைப் போட்டு, நீள நாடாவைத் தோளில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அக்காவுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தார். அந்த மாதிரிப் பை இரண்டு தைத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று துவைக்கப் போகும். கூடவே இலவம்பஞ்சு அடைத்து உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தலையணை. அக்குளில் வைத்துக்கொண்டால் கை காயத்தில் உரசாது. ஊர் திரும்பும்போது ரயில் குலுக்கலுக்கு அது எவ்வளவு உதவி என்பதை அப்போது பாருங்கள்.

மூக்குத்தியைக் கழற்றிப் பல வருடம் ஆகிவிட்டதென்றால் இந்த வாரமே ஆசாரியிடம் போய்த் திருகைக் கழற்றிக்கொள்ளுங்கள். அக்காவுக்கு ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கு நர்ஸ் எண்ணெய் போட்டுப் பார்த்தும் வராமல், கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள். கத்திக்குப் பயப்படாதவள் அதற்கு அழுதாள். தாலிக்கொடியையும் கழற்றச் சொல்வார்கள். ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி வைப்பதால் உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடலாம். வீட்டிலேயே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாமியார் கையால் கட்டிவிடச் சொல்லுங்கள். ஆடி என்று மருதாணி வைத்துக்கொண்டாலும் விரல் நுனியை விட்டுவிடுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை நகத்தில்தான் மாட்டுவார்கள்.

பொடி வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது. சில மூலிகைகள் ரத்தம் உறைவதைக் குறைக்கும், சில மயக்க மருந்தோடு மோதும். ஏற்கெனவே ஒன்றிரண்டு வேளை சாப்பிட்டிருந்தால் ஒளிக்காமல் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சில மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், உங்களுடையது எது என்று சீட்டைக் காட்டிக் கேளுங்கள். பாலை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்பதெல்லாம் பேச்சு. புண் ஆறப் புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எதுவானாலும் சரி. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் காயம் சீக்கிரம் ஆறும். நடுவில் சளி, காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

மகளிடம் சொல்லுங்கள். பதினேழு வயதுப் பெண் வீட்டில் நடக்கும் குசுகுசுப்பைக் கேட்காமலா இருப்பாள்? பக்கத்து வீட்டில் யாராவது "பாவம் உங்க அம்மா" என்று ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் வாயால் கேட்கட்டும். "அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் பண்ணி எடுக்கப் போகிறார்கள். அதற்கு அப்புறமும் கொஞ்ச நாள் வைத்தியம் இருக்கும்." இவ்வளவு போதும். அழுதால் அழட்டும், நீங்களும் அழுங்கள். பிறகு பையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று பட்டியல் போடும் வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்களை உங்கள் கணவரோ நாத்தனாரோ திண்ணையிலேயே வைத்துப் பேசி அனுப்பட்டும். சாய்ந்தரம் ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும் என்று வைத்துக்கொண்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் நினைக்கட்டும்.

அந்த மூன்று மணி. அதை முழுசாக ஒழித்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். படுத்தபடி புரளாமல் எழுந்து லைட்டைப் போடுங்கள். யூடியூப் மட்டும் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டில், அந்த நேரத்தில் மனசில் ஓடும் கேள்வியை அப்படியே எழுதுங்கள். மார்பை முழுக்க எடுப்பார்களா, கட்டியை மட்டுமா? எடுத்த சதையின் ரிப்போர்ட் எப்போது வரும்? கீமோ உண்டா? கையை எப்போது தூக்கலாம்? அந்த நோட்டோடு டாக்டர் முன் உட்காருங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1955 முதல் 2021-ல் மறையும் வரை இருந்த டாக்டர் சாந்தா நோயோடு மட்டும் போராடவில்லை, "வந்தால் அவ்வளவுதான்" என்ற பயத்தோடும் போராடினார். நல்ல டாக்டர்கள் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். நாலைந்து நாள் தூக்கமே இல்லை, சோறு இறங்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் இப்போதே அட்டையையும் ஆதாரையும் காட்டி, அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று பாருங்கள். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் உங்களுக்கு முழுக் கட்டணச் சலுகையும் உடன் வருபவருக்கு 75 சதவீதமும் உண்டு. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கை கொஞ்சம் தேறியதும் ஒரு கார்டு போடுங்கள். சுருக்குப்பை எந்தத் துணியில் தைத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.