முதலில் கயிறு, அப்புறம் பப்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். இங்கிலாந்து வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஆகஸ்ட் கடைசியில் வரும் நீண்ட வார விடுமுறைக்கு மூன்று குடும்பமாகச் சேர்ந்து கிராண்ட் யூனியன் கால்வாயில் நான்கு நாளுக்கு நேரோபோட் என்கிற ஒடுக்கமான நீளப் படகை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள். கரையோரம் எந்தெந்த பப் நன்றாக இருக்கும், பகலிலேயே இரண்டு மூன்று இடத்தில் நிறுத்திக் குடித்துவிட்டுப் போகலாமா, லைசென்ஸ் வேண்டுமா, கழிப்பறை எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பப் பட்டியல் பிறகு. அந்தப் பகல் திட்டத்தைக் கைவிடுங்கள். படகை ராத்திரிக்குக் கரையில் கட்டி, இன்ஜினை அணைத்து, சாவியை உருவிய பிறகுதான் முதல் கிளாஸ். மத்தியானம் பப்பில் நிறுத்தினால் சாப்பிடுங்கள், காபி குடியுங்கள். டில்லரை, அதாவது படகைத் திருப்பும் கைப்பிடியைப் பிடிக்கப் போகிறவரும், லாக்கில், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவு வைத்த தொட்டியில் வேலை செய்யப் போகிறவரும் பீரைத் தொடக் கூடாது. காரில் போனால் போலீஸ் ஊதச் சொல்வார்கள் என்ற பயம் இருக்கிறது. கால்வாயில் அப்படி யாரும் நிற்பதில்லை. மணிக்கு 4 மைல் வேகம்தானே, என்ன ஆகிவிடும் என்று தோன்றும். அந்தப் படகின் எடை 15 டன்னுக்கு மேல் இருக்கும், பிரேக் கிடையாது. சுவருக்கும் படகுக்கும் நடுவில் காலை விட்டுத் தடுக்கப் பார்த்தால் கால் போய்விடும். நான் நர்ஸ், இதைக் கதையாகச் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து லாக்கில். இறங்கும் லாக்கில் மேல் கதவுக்கு அடியில் ஒரு கல்படி தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சில் என்பார்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்கே தெரியாது. அது எங்கே முடிகிறது என்று கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் தண்ணீர் இறங்க இறங்கப் பின்பக்கம் கல்லில் உட்கார்ந்துவிடும், மூக்கு கீழே போகும், முன்வாசல் வழியாகத் தண்ணீர் புகுந்து சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் யோசித்துப் பாருங்கள். மாட்டிக்கொண்டது தெரிந்ததும் கீழ்ப்பக்கப் பேடில்களை, அதாவது தண்ணீரை விடும் அடைப்புப் பலகைகளை உடனே மூட வேண்டும், அப்புறம் மேல்பக்கத்தைத் திறந்து தண்ணீர் விட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் கரையில் நிற்க மாட்டார். இரண்டு பைன்ட் பீர் உள்ளே போனவனுக்கு எந்தப் பேடில் என்று யோசிக்கவே நேரம் போதாது. விண்ட்லஸ் என்கிற திருப்புக்கட்டையைப் பேடிலில் மாட்டியபடி விட்டுவிட்டுப் பேசப் போகாதீர்கள். பற்சக்கரத்தின் பிடி நழுவினால் அது சுழன்று வந்து முகத்தில் அடிக்கும்.

இன்னொன்று. பப்பை விட்டு வரும் வழியும் கால்வாய்க் கரைதான். விளக்கு இருக்காது, ஒரு பக்கம் முள்புதர், மறுபக்கம் தண்ணீர். ஆளுக்கொரு டார்ச் கையில் இருக்கட்டும்.

உங்கள் கேள்வி எனக்கு என் முதல் குளிர்காலத்தை நினைவுபடுத்திவிட்டது. கரூரிலிருந்து நான் வந்தது ஒரு ஜனவரியில். என்னைக் கூட்டி வந்த ஏஜென்சி மில்டன் கீன்ஸில் ஒரு வீட்டில் எங்கள் நாலு பேரை ஒரே அறையில் போட்டது, ஹீட்டர் போடக்கூட நேரம் வைத்திருந்தார்கள். வாடகை மட்டும் சம்பளத்திலிருந்து தவறாமல் போய்விடும். அந்தக் கோபம் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, போக இடமில்லை. கால்வாய்க் கரையிலேயே நடந்துகொண்டிருப்பேன். ஒரு நாள் குளிர் தாங்காமல் வழியில் இருந்த பப்புக்குள் நுழைந்தேன். எங்கள் ஊரில் மதுக்கடை என்றால் ஒரு பெண் சாலையின் மறுபக்கம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு கடக்கிற இடம். இங்கே உள்ளே ஒரு பாட்டி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார், ஒரு நாய் கணப்புக்கு முன்னால் தூங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பிள்ளைகள் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். டீ கிடைக்குமா என்று கேட்டேன். கவுண்டரில் நின்ற அம்மா ஒரு சிறிய பானையில் டீயும் தனியாகப் பாலும் கொண்டுவந்து வைத்து, கணப்புப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அதுதான் என் உட்காரும் திண்ணை.

நான் மது தொடுவதில்லை, இன்றைக்கும். கரையோர பப் எனக்குப் பிடிக்கும். அங்கே அறிமுகமான ஒரு வயதான தம்பதிதான் என்னைத் தங்கள் படகில் ஏற்றி டில்லர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று 60 அடிப் படகைச் சுவரில் உரசாமல் லாக்குக்குள் கொண்டுபோய் நிறுத்துவேன். என் கணவர் கேட் திறப்பார்.

அதனால்தான் நம் ஆட்களில் இரண்டு வகை எனக்குப் பிடிப்பதில்லை. பதினைந்து வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டு, பப் என்றால் குடிகாரர்கள் இடம் என்று ஒருமுறைகூட உள்ளே போகாமல், வெள்ளைக்காரன் நம்மோடு பழகமாட்டான் என்று புலம்புகிறவர்கள் ஒரு வகை. கூட்டமாக வந்து, ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டு, பப் தோட்டத்து மேசையில் புளியோதரை டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு எலுமிச்சைச் சோடா மட்டும் வாங்குகிறவர்கள் இன்னொரு வகை. அந்த மேசையில்தான் பப்காரர்கள் பிழைப்பு நடக்கிறது தம்பி. புளியோதரையைப் படகில் சாப்பிடுங்கள்.

அதற்காக எல்லாக் கதவும் எப்போதும் திறந்தே இருந்தது என்று சொல்லவில்லை. பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கில் 1960களில் நிறம் பார்த்து ஆட்களை ஒதுக்கிய பப்புகள் இருந்தன. 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸே அந்த ஊர் நிலவரத்தைப் பார்க்க வந்து போனார். இன்று அதே வட்டாரத்தில் பஞ்சாபிகள் நடத்தும் பப்புகளில் தந்தூரி மிக்ஸ்டு கிரில் சாப்பிட எல்லா நிறத்தவரும் வரிசையில் நிற்கிறார்கள். தனியாக ஒருமுறை போய்வாருங்கள், நான்கு நாள் பயணத்தில் அவ்வளவு தூரம் முடியாது.

சரி, உங்கள் வழிக்கு வருகிறேன். மில்டன் கீன்ஸிலிருந்து வடக்கே போனால் ஒரு ராத்திரியை ஸ்டோக் புரூயனில் கட்டாயம் கழியுங்கள். அதற்கு முன்னால் ஏழு லாக் ஏற வேண்டும். புதியவர்களுக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். அவை அகலமான லாக்குகள், இரண்டு நேரோபோட் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். இன்னொரு படகு வந்தால் சேர்ந்தே ஏறுங்கள், தண்ணீரும் மிச்சம், வேலையும் பாதி. மேலே ஏறியதும் கரையை ஒட்டி ‘தி போட் இன்’ இருக்கிறது. 1877லிருந்து ஒரே குடும்பம் நடத்துகிறது. எதிர்க்கரையில் பழைய தானிய ஆலைக் கட்டடத்தில் கால்வாய் அருங்காட்சியகம். அந்த பப்பின் பழைய அறையில் நார்தாம்ப்டன்ஷயர் ஸ்கிட்டில்ஸ் மேசை உண்டு. தோல் போர்த்திய மேசை மேல் ஒன்பது கட்டைகள் நிற்கும். சீஸ் என்று பெயர் கொண்ட, மரத்தாலான கனமான வட்டைச் சில அடி தள்ளி நின்று எறிந்து அவற்றைச் சாய்க்க வேண்டும். வட்டு கட்டையில் பட்டுப் பின்தோலில் மோதும் சத்தம் அறை முழுக்கக் கேட்கும். உங்கள் அப்பாவை எறியச் சொல்லுங்கள், அடுத்த மேசைக்காரர்கள் தாங்களே வந்து பேசுவார்கள்.

மறுநாள் பிளிஸ்வொர்த் சுரங்கம். 1805ல் திறந்தது, 2.8 கிலோமீட்டர் நீளம். உள்ளே நடைபாதை கிடையாது. அந்தக் காலத்தில் ஆட்கள் படகில் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். காற்றுக்குழாய்களின் அடியில் தண்ணீர் கொட்டும், மழைக்கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். எதிரே படகு வரும், இடம் போதும், பதறாமல் வலப்பக்கம் ஒதுங்குங்கள். அப்பா அம்மா கேபினுக்குள் விளக்கைப் போட்டு உட்காரட்டும்.

அதற்கு மேல் லாங் பக்பி லாக் வரிசையின் உச்சியில் ‘நியூ இன்’, பிரான்ஸ்டனில் மூன்றாவது லாக்கை ஒட்டி ‘அட்மிரல் நெல்சன்’. நெல்சனில் வெளியே உட்கார்ந்தால் லாக்கில் திணறுகிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம், எழுந்து போய்க் கேட்டைத் தள்ளியும் கொடுக்கலாம். நான்கு நாளில் போய்த் திரும்ப வேண்டுமென்றால் பிரான்ஸ்டன் வரைகூட வேண்டாம், முதல் இரண்டு நாள் போன தூரத்தோடு திருப்பிவிடுங்கள். நீளப் படகை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது, அதற்கென்று அகலப்படுத்திய இடங்கள் வரைபடத்தில் இருக்கும். ஃபாக்ஸ்டனின் பத்து லாக்குகளைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் காரில் போய்ப் பாருங்கள்.

பிரபலமான பப் பக்கம் ஆகஸ்டில் மத்தியானம் மூன்று மணிக்கே கரை நிறைந்துவிடும். இடம் கிடைக்கவில்லை என்று லாக்குக்கு முன்னால் காத்திருக்கும் இடத்தில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், பின்னால் வருகிறவர்கள் எல்லாம் தவிப்பார்கள். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை மற்ற படகுகளுக்குப் பக்கத்தில் இன்ஜின் ஓடக் கூடாது.

பப்பில் மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டருக்குப் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். சமையலறை ஒன்பது மணிக்கு மூடிவிடும், ஞாயிறு மாலை அதற்கும் முன்னால். எந்த பீர் நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். கவுண்டரில் கேட்டால் ஒரு வாய் ருசி பார்க்கத் தருவார்கள். அம்மா சைவம் என்றால் சிப்ஸ் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள், மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிற இடங்களும் உண்டு. கவுண்டரில் பாக்கெட்டாகத் தொங்கும் ஸ்கிராச்சிங்ஸ் பன்றித்தோல், குழந்தைகள் சிப்ஸ் என்று நினைத்து எடுத்துவிடுவார்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். லைசென்ஸ் வேண்டாம். கழிப்பறை எந்த வகை, எங்கே காலி செய்வது என்று படகுக்காரர்களே காட்டுவார்கள். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் இப்போதே போன் செய்து குழந்தைகளின் எடையைச் சொல்லிக் கேட்டு வையுங்கள். விடுமுறை வாரத்தில் சின்ன அளவுகள்தான் முதலில் தீர்ந்துபோகும்.