டாரட் கட்டுக்குச் சொந்தச் செயலி: கேட்டவையும் சொன்னவையும்

டாரட் என்பது குறிசொல்லப் பயன்படும் 78 படச்சீட்டுகள் கொண்ட கட்டு. அப்படிப்பட்ட கட்டுகளுக்குச் செயலி செய்து தருவது என் வேலை. சொந்தமாகக் கட்டு வரைந்து அச்சிட்டவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

78 படங்களும் தயார். முதல் பதிப்பில் என்னென்ன வைக்கலாம், அண்ணா?

தினம் ஒரு சீட்டு, மூன்று சீட்டு விரிப்பு (மூன்று சீட்டுகளை வரிசையாக வைத்துப் பொருள் பார்ப்பது), சீட்டுகளின் பொருள் அகராதி. இவ்வளவு போதும். உங்கள் கட்டை வாங்கியவர் சீட்டுகளை விரித்துவைத்துக்கொண்டு, "கோப்பை ஏழு தலைகீழாக வந்திருக்கிறதே, என்ன அர்த்தம்?" என்று பார்க்கத்தான் செயலியைத் திறப்பார். இரண்டு தட்டலில் அந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். வாசலிலேயே மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டு அவரை நிறுத்தாதீர்கள்.

அச்சகத்துக்குக் கொடுத்த கோப்புகளையே போடலாமா?

அப்படியே போடக் கூடாது. அவை பெரும்பாலும் அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிறமுறையில் இருக்கும். திரைக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிறமுறை வேண்டும். மூலப் படங்கள் இருந்தால் அவற்றிலிருந்தே எடுங்கள், நிறம் உயிரோடு இருக்கும். வெட்டுக்காக விட்ட ஓரத்தை நீக்கிவிடுங்கள். வெப்பி (WebP) என்ற சுருக்கப்பட்ட பட வடிவில் ஒரு படம் 150 கேபி என்று வைத்தாலும் மொத்தம் 12 எம்பிக்குள் அடங்கும். எல்லாவற்றையும் செயலிக்குள்ளேயே வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.

மூன்று சீட்டு எடுத்தால் சில சமயம் ஒரே சீட்டு இரண்டு முறை வருகிறது. ஏன்?

ஒவ்வொரு முறையும் 1 முதல் 78 வரை புதிதாக ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கிறீர்கள், அதுதான் காரணம். இந்தத் தவறு என் மனதை உறுத்தும். நெஞ்சில் ஒரு கேள்வியோடு சீட்டு எடுப்பவர் கண்முன் 'டவர்' என்ற ஒரே சீட்டு இரண்டு முறை வந்து நின்றால் அந்தக் கணமே நம்பிக்கை போய்விடும். கையில் எடுத்த சீட்டு கட்டுக்குள் திரும்பவும் இருக்காது அல்லவா? நிரலும் அப்படியே நடக்க வேண்டும். 78 சீட்டுகளையும் ஒரு பட்டியலில் வைத்து, ஃபிஷர்-யேட்ஸ் முறையில் (எல்லா வரிசைக்கும் சம வாய்ப்புத் தரும் கலைப்பு முறை) ஒருமுறை கலைத்து, மேலிருந்து வரிசையாக எடுங்கள். நேரா, தலைகீழா என்பதை ஒவ்வொரு சீட்டுக்கும் தனியாகத் தீர்மானியுங்கள்.

அப்புறம், முதுகுப் படத்தைக் கவனியுங்கள். அதைத் தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு கட்டில் முதுகில் பிறைநிலா இருந்தது. அது கவிழ்ந்திருந்தால், சீட்டைத் திருப்பும் முன்பே தலைகீழ் என்று தெரிந்துவிட்டது. செயலிக்காக அந்த முதுகை மட்டும் மறுபடி வரைந்தோம்.

சொந்தப் படம் இல்லை. ரைடர்-வெய்ட் என்ற பழைய, பிரபலமான டாரட் கட்டின் படங்களை எடுத்துக்கொள்ளலாமா?

1909இல் வெளியானது அந்தக் கட்டு. வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித் 1951இல் காலமானார். வரைந்தவர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு என்று கணக்கிடும் பிரிட்டனிலும், 2022 முதல் அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் பிற்காலத்தில் நிறம் மாற்றி வெளியிட்ட பதிப்புகளுக்குத் தனி உரிமை கோரப்படலாம். பழைய அச்சிலிருந்து எடுத்த படத்தையே தேடுங்கள்.

ஆப்பிள் என் செயலியை நிராகரித்துவிட்டது. குறிசொல்லும் செயலிகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றனவாம்.

ஆம், அவர்கள் விதிகளிலேயே அந்த வகை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. தனித்தன்மை இருந்தால்தான் ஏற்பார்கள். உங்களிடம் அது இருக்கிறது, ஆனால் வெளியே தெரியவில்லை. எங்கும் கிடைக்கும் பொருள் விளக்கத்தை ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டு, இந்தச் சீட்டில் இந்தப் பறவையை ஏன் வரைந்தீர்கள் என்று நீங்களே எழுதுங்கள். படங்கள் உங்களுடையவை என்பதற்கான ஆதாரத்தையும் பரிசீலனைக் குறிப்பில் சேருங்கள். சின்னம் வைப்பது மட்டும் பிராண்ட் ஆகாது. உங்கள் குரல் ஒலிக்க வேண்டும்.

கட்டு வாங்கியவருக்கு மட்டும் செயலி திறக்கும்படி, கட்டின் பெட்டிக்குள் ஒரு ரகசிய எண் வைக்கலாமா, அக்கா கேட்கச் சொன்னார்.

அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளடக்கத்தை இப்படிச் சொந்த எண்ணால் திறப்பதை ஆப்பிள் விதிகள் தடுக்கின்றன. அகராதியை எல்லோருக்கும் இலவசமாக விட்டுவிட்டு, கூடுதல் விரிப்புகளை மட்டும் செயலிக்குள் விற்கலாம். பெட்டியின் உள்மூடியில், செயலியின் பக்கத்துக்குப் போகும் க்யூஆர் குறியை அச்சிட்டால் போதும்.