அரை ஏக்கர் நிலம் – கடிதம்

அன்புள்ள அண்ணன்,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தாத்தா பாட்டி பால்மரம் சீவியவர்கள். நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வெளியே அரை ஏக்கர் விலைக்கு வருகிறது. காய்கறி போட்டுக் கோழி வளர்த்தால் கடைக்கே போக வேண்டாம் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். மனைவி பயப்படுகிறாள். வேலையை விட்டுவிடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பட்டா சரியாக இருந்தால் நிலத்தை வாங்குங்கள். வேலையை விடாதீர்கள். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது.

அரை ஏக்கரால் காய்கறிச் செலவு குறையும், சோற்றுச் செலவு குறையாது. ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 3,600 கலோரி. ஒரு கிலோ கங்கோங் கீரையில் 200கூடத் தேறாது. அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி எல்லாம் கடையிலிருந்துதான் வர வேண்டும். அந்த மண்ணில் வயிற்றை நிரப்பக்கூடியது மரவள்ளி. 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், அரிசி கிடைக்காத ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்கு அதுதான் சோறு. குச்சியை ஊன்றினால் ஒன்பது பத்து மாதத்தில் கிழங்கு. வேலியோரம் நாலு வரிசை கட்டாயம் போடுங்கள்.

கோழி விஷயத்தில் காணொளிக்காரர்கள் தீவனக் கணக்கைச் சொல்வதில்லை. பத்து முட்டைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் தின்னும். தீவனச் சோளம் பெரும்பாலும் அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து வருவது. அங்கே விலை ஏறினால் உங்கள் கூண்டு வரைக்கும் ஏறும். ஐந்தாறு கோழி போதும். எருவுக்காகவே வளர்க்கலாம்.

ரப்பரோ செம்பனையோ நின்ற மண் என்றால் புளிப்பு அதிகம். மழை சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். முதலில் சுண்ணாம்புத் தூள், பிறகு எரு, அதன் பிறகுதான் விதை. முதல் வருடம் பெரிதாக எதுவும் கிடைக்காது, மனம் தளர வேண்டாம். தாழ்நிலத்தில் தக்காளி வாடல் நோயில் திடீரென்று சாயும், கத்தரியும் அப்படித்தான். சுண்டைச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி தாக்குப்பிடிக்கும். முருங்கை, கறிவேப்பிலை, வெண்டை, பயற்றங்காய், மிளகாய் எல்லாம் நம்பி வைக்கலாம்.

இத்தனைக்கும் மேலே நிற்பது பட்டா. நம் ஜனங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் தலைமுறை தலைமுறையாகக் கீரை போட்டார்கள், மாடு வளர்த்தார்கள். அடுத்தவன் நிலம் என்பதால் தோட்டம் கைமாறியபோது முருங்கை மரத்தையும் விட்டுவிட்டு நடந்தார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில்தான், 1960-ல், உங்கள் ஊர்க்காரரும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவருமான துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் பணத்திலேயே தோட்டத்தை வாங்குவது அதன் நோக்கம். நிலம் நம் பெயரில் இருக்க வேண்டும் என்று அவர் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை. விற்பவரிடம் இருப்பது அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்த மட்டும் தரும் தற்காலிகக் குடியேற்ற உரிமம் என்றால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அது ஒவ்வொரு டிசம்பர் 31-லும் முடிந்துவிடுவது. விற்கவும் முடியாது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் நீங்களே போய்த் தேடிப் பாருங்கள், தரகர் பேச்சை நம்பாதீர்கள்.

வாங்கிய பிறகு ஷிப்ட் முடிந்த நேரத்தில் இரண்டு பாத்தியோடு தொடங்குங்கள். களையெடுக்கும் வேலை அந்த அளவிலேயே புரிந்துவிடும். மனைவியையும் நிலம் பார்க்க அழைத்துப் போங்கள். பலத்த மழை பெய்த மறுநாள் போனால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரியும்.

அன்புடன்,
அண்ணன்