மனச்சிதைவு நோய்க்கு மாத்திரையை நிறுத்திவிட்டு சிபிடி (சிந்தனையையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் பேச்சு சிகிச்சை) மட்டும் போதுமா?

மாத்திரைக்குப் பதிலாக என்றால் வேண்டாம். மாத்திரையோடு சேர்த்து என்றால் தாராளமாகப் போகலாம். என் தம்பிக்கு இந்த நோய் உண்டு. அவனைப் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

சிபிடி என்றதும் எதிரே உட்காரவைத்துப் புத்திமதி சொல்வார்கள் என்று வீட்டில் நினைத்திருந்தோம். தம்பிக்குக் காதில் ஒரு குரல் கேட்கும், "காபியில் எதையோ கலந்திருக்கிறாள், குடிக்காதே" என்று. "அப்படியெல்லாம் இல்லடா" என்று வாதாடி அம்மா ஓய்ந்துபோனதுதான் மிச்சம். சைக்காலஜிஸ்ட் வாதமே செய்யவில்லை. குரல் எப்போது வருகிறது, முந்தின இரவு தூங்கினாயா, அதன் பேச்சைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டு நோட்டில் எழுதச் சொன்னார். அப்புறம் காபியை உடனே கொட்டாமல் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொன்னார். பிறகு ஒரு வாய். ஒன்றும் ஆகவில்லை என்று அவனே எழுதினான். குரல் இன்னும் போகவில்லை. "அது பாட்டுக்குக் கத்திட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுக்கிறான், அவ்வளவுதான். எங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதல் இந்த நோய் உள்ள எல்லாருக்கும் சிபிடி தரச் சொல்கிறது, குறைந்தது 16 அமர்வுகள். மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கும் தரலாமாம். ஆனால் மருந்தோடு சேர்ந்தால்தான் பலன் அதிகம் என்று அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதுதான்.

ரொம்பவும் எதிர்பார்க்கவும் வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பலன் சிறியதுதான் என்றது. மற்ற மருந்துகள் பலிக்காதபோது தரும் க்ளோசபின் மாத்திரைக்கும் நோய் சரியாக அடங்காத 487 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. 21-ஆம் மாதத்தில் பார்த்தால், சிபிடி எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் நோயின் கடுமையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. தம்பி விஷயத்திலும் எவ்வளவு மாத்திரையின் வேலை, எவ்வளவு சிபிடியின் வேலை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒன்றை நிறுத்திப் பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

போவதென்றால் உங்கள் சைக்யாட்ரிஸ்டிடம் சொல்லிவிட்டே போங்கள். சிபிடி தெரியும் என்கிற எல்லாரும் இந்த நோய்க்குச் செய்து பழகியவர்கள் இல்லை. குரல் கேட்பவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.